ஒட்டாத அஞ்சு ரூபாய்

உலகத்தில் உள்ள பொருள்கள் காந்தத்தில் ஒட்டுபவை, ஒட்டாதவை என இரண்டே வகைப்படும் என்ற முடிவுக்குப் பிச்சைமணி வந்து சில வருடங்கள் ஆகின்றன. அதற்கு முன்பு அவரும் நம்மைப் போல, கிடைத்த சில்லறையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற சாதாரண மனிதராகத்தான் இருந்தார்.

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில், பழனிசெட்டிபட்டியில் அவருக்கு ஒரு காயில் கடை. தோட்டத்து மோட்டார்கள் எரிந்துபோனால் அங்கேதான் வரும். உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். இந்தப் பள்ளத்தாக்கில் கரண்ட் ஏறி இறங்கி விளையாடுகிற வரைக்கும் அவருக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. உருவிய பழங்கம்பியைக் காயலான் கடையில் எடைக்குப் போடுவதால் செம்பு விலை அவருக்கு அத்துபடி. ஊரார் காலையில் ராசிபலன் பார்க்கும் நேரத்தில் அவர் செம்பு விலை பார்ப்பார். இரண்டில் செம்பு விலைதான் பெரும்பாலும் பலித்தது.

ஒருநாள் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று கை தவறிக் கல்லாப்பெட்டிக்குள் விழுந்தது. எடுத்தால், அதோடு பாதிச் சில்லறை தொங்கிக்கொண்டு வந்தது. மீதிப் பாதி ‘எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று பெட்டியிலேயே கிடந்தது. புளி உருண்டை மாதிரி கனமாக இருக்கும் பழைய குண்டு அஞ்சு ரூபாய், பதினோரு மூலை உள்ள பழைய ரெண்டு ரூபாய் இவையெல்லாம் கிடந்த கட்சி. மெலிந்த புதுக் காசுகள் தொங்கிய கட்சி. பிச்சைமணி செல்போனில் தேடிப் பார்த்தார். தொங்குவது வெறும் எவர்சில்வர், அதிலும் காந்தத்தில் ஒட்டுகிற ரகம். கிடப்பதில் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல்.

அன்றைய செம்பு விலையை வைத்து மனக்கணக்குப் போட்டவர், நம்பாமல் மறுபடியும் ஒருமுறை போட்டார். அவர் கணக்குப்படி அந்தக் குண்டு அஞ்சு ரூபாய்க்குள் அஞ்சு ரூபாய்க்கும் மேலே பெறுமானம் இருந்தது. அதாவது அரசாங்கம் நஷ்டத்துக்கு வியாபாரம் செய்துகொண்டிருக்கிறது. நாட்டில் ஒருவன்கூட அதைக் கவனிக்கவில்லை.

கவனிக்கிற பொறுப்பைப் பிச்சைமணி ஏற்றுக்கொண்டார்.

மாலை நேரங்களில் அக்கம்பக்கத்துக் கடைகளின் சில்லறையை நோட்டுக் கொடுத்து வாங்குவார். பட்டறை மேசையில் கொட்டுவார். மஞ்சளாக மினுக்கும் இந்தக் காலத்து அஞ்சு ரூபாயை முதலில் பொறுக்கி ஒதுக்குவார். அதிலும் செம்பு உண்டு, காந்தத்திலும் ஒட்டாது. ஆனால் அது பித்தளைக் கலப்பு, குணம் போதாது என்பது அவர் தீர்ப்பு. பிறகு காந்தத்தைக் கயிற்றில் கட்டி மேசை மேல் ஒரு தடவு. தொங்கியவை மறுநாள் காலை கடைகளுக்கே சில்லறையாகத் திரும்பிப் போகும். கிடந்தவை ஒரு தட்டுக்குப் போய், அங்கிருந்து புளித்தண்ணீரில் ஊறி, தேய்த்துக் கழுவப்பட்டு, பட்டறை மேசைக்கு அடியில் இருந்த பெரிய பெயிண்ட் வாளியில் அடைக்கலமாகும். இதனால் பழனிசெட்டிபட்டிக் கடைவீதியில், “சில்லறை இல்லைன்னா மணியண்ணன்கிட்டப் போங்க, எப்பயும் வச்சிருப்பாக” என்று அவருக்கு நற்பெயர் உண்டானது. பொதுச்சேவைக்கு இப்படியும் ஒரு வழி இருக்கிறது.

காசை உருக்குவது குற்றம், உள்ளே தள்ளிவிடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் உருக்குகிற ஆள் இல்லை. என்றைக்காவது ஒருநாள் அரசாங்கமே இந்தக் காசெல்லாம் செல்லாது என்று அறிவிக்கும். அன்றைக்கு இது காசு இல்லை, வெறும் செம்பு என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு யார் என்ன கேட்க முடியும் என்பது அவருடைய சட்ட ஞானம். கையில் இருக்கும் பணம் செல்லாமல் போய்விடக் கூடாதே என்று நாடே சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, போய்விட வேண்டும் என்று கும்பிட்ட ஒரே குடிமகன் அவர்.

பக்கத்துக் கடை ஜேசுராஜ் மளிகைக்காரர். இந்த ஆராய்ச்சிக்குச் சில்லறை கொடுத்து, சில்லறை வாங்கி, இடையிடையே கேலியும் செய்துவந்தார்.

“என்ன மணி, இன்னைக்கு எம்புட்டு ஆச்சு? ஒரு மோட்டார் சுத்துற அளவுக்குத் தேறுமா?”

“சிரிங்க அண்ணாச்சி, சிரிங்க. செல்லாதுன்னு சொல்ற அன்னைக்கு எங்கிட்டத்தான் வருவீக.”

“செல்லாத காசுக்கு நான் எதுக்குய்யா ஒங்கிட்ட வரணும்?”

இதற்குப் பிச்சைமணியிடம் பதில் இருந்ததில்லை. ஆனால் பதில் இல்லாததற்காக ஒரு கொள்கையை யாரும் கைவிடுவதில்லை.

சரித்திரம் திரும்பியது ஆடி மாதத்தில். சின்னமனூர்க்காரர் ஒருவரின் மோட்டாரைச் சோதித்துப் பார்க்கும்போது, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்ற பிச்சைமணியைக் கரண்ட் பிடித்துச் சுவரில் எறிந்தது. ஜேசுராஜ் தராசில் இருந்த துவரம்பருப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து மெயினை அணைத்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி உமாதேவி வந்து பார்த்தபோது மனிதர் கண் சொருகிக் கிடந்தார்.

உமாதேவிக்குப் பிறந்த ஊர் அனுமந்தன்பட்டி. அந்த ஊர் மந்தையம்மனுக்கும் அவருக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை உண்டு. கைக்கு எட்டிய தட்டிலிருந்து ஒரு காசை எடுத்து முந்தானையில் முடிந்தார். “ஆத்தா, இவுகள எந்திரிச்சு உக்கார வச்சிரு. வர்ற சித்திரைக்குத் தீச்சட்டி எடுத்து, இந்தக் காச உன் உண்டியல்ல கொண்டாந்து போட்டுர்றேன்” என்று உரக்கச் சொன்னார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பிச்சைமணி எழுந்து உட்கார்ந்துவிட்டார். முதல் கேள்வியாக, “மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார்.

உமாதேவி அந்தக் காசுக்கு மஞ்சள் தடவி, மஞ்சள் துணியில் முடிந்து, சாமி அலமாரியில் வைத்தார். இன்னார் உயிருக்கு இன்ன காசு என்று ஆத்தாளிடம் பேசியாகிவிட்டது. சித்திரையில் போய்ச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி.

பிச்சைமணி தேறி எழுந்து பட்டறைக்கு வந்ததும் தட்டைப் பார்த்தார். ஒரு குண்டு அஞ்சு குறைந்தது. உயிர் திரும்பிய மனிதன் முதலில் தன் உடைமைகளைச் சரிபார்ப்பது இயல்புதானே. வீடு முழுக்கத் தேடினார். அலமாரியில் இருந்த மஞ்சள் முடிச்சின் மேல் காந்தத்தைக் காட்டினார். முடிச்சு அசையவில்லை. உள்ளே இருப்பது நம்ம கட்சி என்று புரிந்துகொண்டார்.

அவர் செய்ததைத் திருட்டு என்று சொல்வது தகாது. முடிச்சை அவிழ்த்தார்; குண்டு அஞ்சை எடுத்தார்; மெலிந்த எவர்சில்வர் அஞ்சு ரூபாய் ஒன்றை வைத்தார்; அதே மடிப்பில் திரும்ப முடிந்தார். அஞ்சுக்கு அஞ்சு. ரிசர்வ் வங்கியே இரண்டும் சமம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, மந்தையம்மன் மட்டும் மறுத்துப் பேசுவாளா? சாமிக்குச் செம்பு எதற்கு? அவள் மோட்டாரா சுற்றப்போகிறாள்? எடுத்த காசை மற்றவற்றோடு புளியில் ஊறப்போட்டு, கழுவி, வாளியில் சேர்த்தார். மனசாட்சி ஒரு முனகல்கூட முனகவில்லை.

ஆயுத பூஜை வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது.

அன்றைக்குப் பட்டறையைக் கழுவி, சுற்றும் மெஷின், கட்டிங் பிளேயர், டெஸ்டர் எல்லாவற்றையும் வாழை இலையில் பரப்பி, சந்தனம் குங்குமம் வைத்தார் உமாதேவி. காந்தத்துக்கும் மூன்று பொட்டு வைத்தார்; அதுவும் ஆயுதம்தானே. அப்புறம் அவருக்கு ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. கண்டம் நடந்த இடம் இது. நேர்ச்சைக் காசையும் இங்கனயே வைத்து ஒரு சூடம் காட்டிவிடலாமே. போய் மஞ்சள் முடிச்சை எடுத்து வந்து இலையில் வைக்கக் குனிந்தார்.

முடிச்சு அவர் கையை விட்டுத் துள்ளி, டக்கென்று காந்தத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

சூடம் எரிந்துகொண்டிருந்தது. ஜேசுராஜுக்கு இதில் நம்பிக்கை கிடையாது, பொரிகடலையில் உண்டு. அதற்காக வந்து வாசலில் நின்றிருந்தவர் வாயில் போட்டதை மெல்ல மறந்தார்.

“என்னங்க, இது எப்பிடிங்க ஒட்டுது?” என்றார் உமாதேவி.

“ஆயுத பூஜையில்ல? எல்லாம் சக்திதான்.”

“சக்தி கெடக்கட்டும். இது ஒங்க ஒட்டாத தட்டுல இருந்து நான் எடுத்த காசு. எப்பிடி ஒட்டுது?”

வருடக்கணக்கில் கணவர் ஒவ்வொரு சோற்றுக் கவளத்துக்கும் நடுவே நடத்திய பாடத்தை அந்த அம்மாள் கவனிக்கவில்லை என்று பிச்சைமணி இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தார். முடிச்சை அவிழ்த்தார் உமாதேவி. உள்ளே மெலிந்த அஞ்சு ரூபாய் பல்லைக் காட்டியது.

பிச்சைமணி ஓடிப்போய் வாளியிலிருந்து ஒரு குண்டு அஞ்சை எடுத்து வந்து நீட்டினார். “இந்தா, இதுவும் குண்டுதான். இதப் போட்டுட்டாப் போச்சு.”

“அக்காளப் பேசி முடிச்சிட்டு தங்கச்சிக்குத் தாலி கட்டுவாகளா? நான் ஆத்தாகிட்டக் காட்டி முடிஞ்ச காசு எங்க?”

“வாளிக்குள்ளதான் கெடக்கு.”

“எடுங்க.”

“எதுன்னு தெரிஞ்சா எடுக்க மாட்டனா?”

“நான் மஞ்சத் தடவித்தான முடிஞ்சேன்? மஞ்சக்கறை இருக்கும்ல?”

பிச்சைமணி தரையைப் பார்த்தார். “கழுவிட்டேன்.”

“புளி போட்டா?”

“புளி போட்டுத்தான்.”

“யாரு வீட்டுப் புளி?”

“நம்ம வீட்டுப் புளிதான்.”

நேர்ச்சைக் காசு போனதோடு புளியும் போன கதை அப்போதுதான் வெளியே வந்ததால், உமாதேவி எதற்கு முதலில் கோபப்படுவது என்று சற்றுத் தடுமாறினார். பிறகு கோபம் வடிந்து பயம் வந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. அவர் மெதுவாகத்தான் சொன்னார். “அது ஒங்க உசுருக்கு வச்ச காசுங்க. ஒங்க உசுர நீங்களே எடுத்துக் கழுவி வாளியில போட்டிருக்கீக.”

பிச்சைமணி சிரித்துச் சமாளித்தார். ஆனால் மறுநாள் சோதனைப் பலகையைத் தொட்டபோது விரலில் சுள்ளென்று ஒரு கடி கடித்தது. அது வாரம் ஒருமுறை கடிக்கிற கடிதான். காயில் கடைக்காரருக்கு அது கொசுக்கடி. இம்முறை மட்டும் அவர் கையை உதறிவிட்டு வேலையை நிறுத்தினார். எழுந்து போய், வருடக்கணக்காகப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்த ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். உமாதேவி அதைப் பார்த்தார். அன்று இரவு அவருக்கு வைத்த ரசத்தில் புளி இல்லை.

இரண்டு நாள் கழித்து உமாதேவியின் தீர்ப்பு வந்தது. அந்தக் காசு வாளிக்குள் எங்கேயோதான் இருக்கிறது. எது என்று தெரியாது. ஆகவே வாளி முழுக்க ஆத்தாளுக்கு. அதுவும் சித்திரை வரைக்கும் தாங்காது, வருகிற வெள்ளிக்கிழமையே.

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை தேடிப் பிச்சைமணி ஜேசுராஜிடம் போனார். வேற்று மதத்தவர் என்பதால் நடுநிலையாக இருப்பார் என்ற நம்பிக்கை.

“அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. ஒரு காசுக்கு ஒரு வாளியா?”

“எங்க சபையில காணிக்கைப் பையில விழுந்தது விழுந்ததுதான் மணி. திரும்பக் கைய விட்டு மாத்துனவன நான் கேள்விப்பட்டதே இல்ல.”

“நான் உண்டியல்லயா கைய விட்டேன்? எங்க வீட்டு அலமாரி.”

“சபைக் காணிக்கைச் சில்லறையையும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்கிட்ட வாங்கித் தடவிப் பாத்த ஆளுதான நீயி? ஒனக்குத் தெரியாததா? வாளியோட போட்டுரு. உசுரு இருந்தா வேற வாளி வாங்கிக்கலாம்.”

நடுநிலை இவ்வளவு தூரம் போகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு குட்டியானைச் சரக்கு வண்டி பிடித்து, இரண்டு ஆள் தூக்கி ஏற்றி, வாளி அனுமந்தன்பட்டிக்குப் புறப்பட்டது. வழி நெடுக வயலில் தண்ணீர் நின்றது, மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தன. வழக்கமாக அந்தச் சத்தத்திலேயே எந்த மோட்டார் எத்தனை நாளில் தன் கடைக்கு வரும் என்று கணிக்கிறவர், அன்றைக்கு வாளியின் மூடியைப் பிடித்தபடியே வந்தார்.

கோயில் கமிட்டிப் பொருளாளர் ஈஸ்வரபாண்டி, உமாதேவிக்குச் சித்தப்பா மகன். வாளியைப் பார்த்ததும், “வாங்க மச்சான், அபிஷேகத்துக்குப் பாலா?” என்று மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

உண்டியலின் வாய் சின்னது. வாளியைக் கவிழ்க்க வழியில்லை. கை கையாக அள்ளித் திணிக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஒரே தடவையில் போடும் காணிக்கையைப் பிச்சைமணி ஒவ்வொரு பிடியாக, ஒவ்வொன்றாகப் பிரிந்து போட நேர்ந்தது. தேய்த்துக் கழுவிய காசுகள் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன. பின்னால் வரிசை நீண்டது. “யாருத்தா இந்த மகராசன், இம்புட்டுப் போடுறாக?” என்று ஒரு குரல். “கேரளாவுல ஏலக்காய் எஸ்டேட் வச்சிருக்காக போல” என்று இன்னொரு குரல் அவருடைய சொத்து மதிப்பை ஏற்றிவிட்டது. ஈஸ்வரபாண்டிக்கு உணர்ச்சி தாங்கவில்லை. மைக்கைப் பிடித்து, “பழனிசெட்டிபட்டி காயில் கடை உரிமையாளர், அம்மனின் அருந்தவப் புதல்வர்” என்று தொடங்கிவிட்டார். அருந்தவப் புதல்வர் கடைசிப் பிடியில் கொஞ்சம் தயங்கினார். ஒரே ஒரு குண்டு அஞ்சு அவருடைய விரல் இடுக்கில் தங்கிவிட்டது.

“விரல விரிங்க” என்றார் உமாதேவி, அம்மனைப் பார்த்துக் கும்பிட்டபடியே.

அதுவும் விழுந்தது. காலி வாளியை எடுத்துக்கொண்டு பேருந்தில் திரும்பினார்கள். கண்டக்டர் சில்லறை கேட்டார். பிச்சைமணியிடம் இல்லை. வாழ்க்கையில் அவர் சொல்லி யாரும் கேட்டிராத ‘சில்லறை இல்லை’யை அன்றைக்குச் சொன்னார்.

உமாதேவி அன்றிரவு நன்றாகத் தூங்கினார். ரசத்தில் புளி திரும்பியது. கணவரின் ஆயுள் மறுபடியும் கெட்டியாகிவிட்டது. சித்திரையில் தீச்சட்டி மட்டும்தான் பாக்கி. பிச்சைமணியும் காலி வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஒரு வாரம் துக்கம் காத்து, பிறகு மெல்லக் கயிற்றுக் காந்தத்தை எடுத்துத் தூசி தட்டினார். செம்பு எங்கே போய்விடப்போகிறது? மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் ஆயிற்று.

கார்த்திகையில் கோயில் உண்டியலைத் திறந்தார்கள். அதற்கு மறுநாள் ஈஸ்வரபாண்டி இரண்டு சாக்குகளோடு காயில் கடை வாசலில் வந்து இறங்கினார்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வருடா வருடம் நடப்பதுதான். சில்லறை மூட்டையோடு போனால் பேங்கில் முகம் கோணும். மச்சான் கடையில் அள்ளிக் கொடுத்தால் அப்போதே நோட்டு. வாளியில் இருந்ததில் ஒரு நல்ல பங்கு அந்த வழியாக வந்ததுதான். இந்தச் சிறு விவரம் கணவன் மனைவி இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

“மச்சான், ஒங்க புண்ணியத்துல இந்தத் தடவ ஆத்தாளுக்கு அமோகம்!” என்றார் ஈஸ்வரபாண்டி. “எல்லாம் குண்டு குண்டா, ஒங்களுக்குப் பிடிச்ச மாதிரி. வேற யாருக்கும் குடுக்கல. ஒங்களுக்குன்னே தனியாப் பொறுக்கிக் கட்டியாந்திருக்கேன்.”

சாக்கின் வாயை அவிழ்த்துக் காட்டினார். பிச்சைமணி தேய்த்த தேய்ப்பு மங்காமல் அப்படியே இருந்தது. காந்தம் தேவைப்படாத சாக்கு. ஒரு மனிதன் ஆயுள் முழுக்கத் தடவினாலும் ஒரே இடத்தில் இப்படிச் சேராது. ஏற்கெனவே ஒரு மனிதன் தடவிச் சேர்த்ததால்தான் சேர்ந்திருக்கிறது. நோட்டை நீட்டினால் எல்லாம் மறுபடி அவருடையது. அவர் கை தன்னால் கல்லாப்பெட்டிப் பக்கம் போனது.

உள்ளேயிருந்து உமாதேவி வந்து நிலைப்படியில் நின்றார். சாக்கைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். அந்தச் சாக்குக்குள்தான் எங்கேயோ அந்தக் காசு இருக்கிறது. ஆத்தாள் வாங்கிக்கொண்ட காசு இந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்தால், உயிருக்குப் பேசிய பேச்சு முறிந்தது என்றுதான் அர்த்தம் என்பதை அவர் முகமே சொன்னது. வீட்டில் வைத்திருந்த கணவர் ஒருவர்தான். காந்தத்தில் தேய்த்து இன்னொருவரைப் பொறுக்க முடியாது.

பிச்சைமணி குனிந்து தன் ரப்பர் செருப்பைப் பார்த்தார்.

“சில்லறை வேணாம் மாப்ள” என்றார்.

“என்னது?”

“வேணாம். பக்கத்துல அண்ணாச்சி கடையில குடு.”

ஈஸ்வரபாண்டி மச்சானுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று அக்காவிடம் கண்ணால் கேட்டுவிட்டு, சாக்குகளைப் பக்கத்துக் கடைக்கு இழுத்துப் போனார். கமிட்டிக்கு நோட்டு கிடைத்தது. ஜேசுராஜுக்குச் சில்லறை கிடைத்தது. ஆத்தாளுக்கு ஆத்தாளின் காசு சேர்ந்தது. எல்லாரும் திருப்தி.

ஆனால் ஜேசுராஜ் காசைப் புளியில் ஊறவைக்கிறவர் இல்லை. வாடிக்கையாளருக்கு மீதி கொடுக்கிறவர். ஒரு வாரத்துக்குள் பழனிசெட்டிபட்டியில் டீக்கடை, காய்கறி வண்டி, ஆட்டோ எல்லாவற்றிலும் பளபளக்கும் குண்டு அஞ்சு ரூபாய்கள் நடமாடத் தொடங்கின. ஊருக்கே புதுக்காசு அடித்த மாதிரி இருந்தது. காயில் கடைக்கு வந்தவர்களும் கூலி கொடுத்துவிட்டு, மேல் சில்லறையாகக் குண்டு அஞ்சை மேசையில் வைத்தார்கள்.

பிச்சைமணி காசைப் பார்த்துப் பின்வாங்கினார். எது அது என்று யாருக்குத் தெரியும்? வருடக்கணக்கில் தட்டுத் தட்டாகப் பொறுக்கிய மனிதர், ஒற்றைக் குண்டு அஞ்சை விரலால் தொட மறுத்தார். “மேல் சில்லறை வேணாம்ணே, போயிட்டு வாங்க” என்றார். வாங்காததில் நஷ்டம், வாங்கினால் அதைவிடப் பெரிய நஷ்டம்.

“ஏன் மணி, ஒட்டாத காசுன்னா உசுர விடுவியே?” என்று ஜேசுராஜ் கேட்டார்.

“அதான் அண்ணாச்சி, விட வேணாம்னு பாக்கிறேன்.”

இப்போது காயில் கடைக்கு யார் வந்தாலும், பைசா சுத்தமாகச் செல்போனில் அனுப்பச் சொல்கிறார் பிச்சைமணி. அதற்கான ஸ்கேன் அட்டையை வாங்கி, காற்றில் பறக்காதபடி இரும்பு பீரோவின் கதவில் நிறுத்தியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஸ்பீக்கர் காந்தம்தான். அதன் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த மூன்று பொட்டும் இன்னும் அழியவில்லை.